பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பள்ளி செல்லும் தம்பிக்கு

பத்தாம் வகுப்பு முடித்துப் புதிய பள்ளியில் சேரப்போகிறாய். உன் ஈர்ப்பு ஆண்கள் மீதுதான் என்பதும் உனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அப்படியொரு ஜூன் மாதத்தில், டிரங்குப் பெட்டியோடு விடுதிக்குப் போனவன்தான். வகுப்பே உன்னை ஏற்க வேண்டும் என்று ஏங்காதே. நம்பத்தகுந்த நண்பன் ஒருவன் போதும், அவனைக் கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

காலாண்டுத் தேர்வு வரை யாரிடமும் சொல்லாதே, கவனி. அடுத்தவன் ரகசியத்தை உன்னிடம் கொட்டுகிறவன் உன்னுடையதையும் வெளியே கொட்டுவான். எனக்குக் கிடைத்த நண்பன் இயற்பியல் ஆய்வகத்தில் என்னோடு சோதனை செய்தவன். ரெக்கார்டு நோட்டு எழுதி எழுதியே நெருங்கினோம். அதனால் சதுரங்கமோ என்.எஸ்.எஸ். முகாமோ, சேர்ந்து வேலை செய்யும் இடம் எதுவானாலும் பெயரைக் கொடுத்துவிடு.

பிறகு ஆழம் பார். வயது வந்தவர்களின் தன்பாலின உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார். இளித்தால் அங்கேயே விட்டுவிடு. யோசித்துக் கேள்வி கேட்டால் நம்பலாம். சொல்லும்போது நேரில் சொல். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே சொல்வது எளிது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதாதே. ஒரு ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். கேட்டவன் சில நாள் விலகி நின்றால் துரத்தாதே. அவனுக்கும் அவகாசம் வேண்டும்.

உன் நடையையோ குரலையோ வைத்து ‘ஒன்பது’ என்று கூப்பிடுவார்கள். திருநங்கையரை இழிவுபடுத்தும் சொல் அது. கூடச் சேர்ந்து சிரிக்காதே. “அப்படிக் கூப்பிடாதே” என்று ஒருமுறை அழுத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. கைவைத்தால் கதை வேறு: தேதி, இடம், பெயர் எல்லாவற்றையும் எழுதி, நம்பும் ஆசிரியரிடம் கொடு. அடித்ததைச் சொன்னால் போதும், உன் ஈர்ப்பைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. அதையும் சொல்வதானால், “வீட்டுக்குத் தெரிவிப்பீர்களா?” என்று முன்பே கேட்டுக்கொள். பள்ளிக்குள் யாரும் காதுகொடுக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

வீட்டில் சொல்ல அவசரப்படாதே. உன் சாப்பாடும் படிப்புச் செலவும் அவர்கள் கையில் இருக்கின்றன. ஒருவேளை தெரிந்துபோய், “டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம்” என்று கிளம்பினால், இது நோயல்ல என்று சொல். அப்படி மாற்ற முயலும் சிகிச்சைகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது.

தனிமையில் கைபேசிச் செயலிகளில் வயதைக் கூட்டிச் சொல்லி, முன்பின் தெரியாதவரைச் சந்திக்கப் போகாதே. படத்தை வாங்கி வைத்துக்கொண்டு பணம் பறிக்கிறவர்கள் உண்டு, உடலுக்கே ஆபத்தும் உண்டு. இரவில் மனம் தாங்காவிட்டால் 14416-க்கு அழை. டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண் அது. கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.