பாக்டீரியா குரோமியத்தைத் தின்றுவிடாது

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மழைக்காலத்தில் மஞ்சளாகத் தண்ணீர் கசியும். அந்த மஞ்சள் நிறம் குரோமியம்-6, அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் ஒரு வடிவம், புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. பாக்டீரியாவை வைத்து இதைச் சுத்தம் செய்யலாம் என்றதும், கிருமி உலோகத்தைத் தின்று தீர்த்துவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. எண்ணெயைச் சிதைப்பதுபோல உலோகத்தைச் சிதைக்க முடியாது. பாக்டீரியா குரோமியம்-6-ஐ நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக மாற்றும். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாமல் கசடாக அடியில் தங்கும்.

அடுத்தது, அளப்பதில் வரும் தவறு. குரோமியம்-6 உள்ள நீரில் அமிலம் சேர்த்து டைபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளை விட்டால் ஊதா நிறம் வரும். அந்த நீரில் பாக்டீரியாவைச் சேர்த்துச் சில நாள் கழித்துச் சோதிக்கும்போது நிறமே வராவிட்டால், வேலை முடிந்தது என்று மாணவர்கள் துள்ளுவார்கள். சரி, குரோமியம்-6 போய்விட்டது. மொத்தக் குரோமியம்? இந்தச் சோதனை அதைச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்போ மொத்தக் குரோமியத்துக்குத்தான்: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அப்புறம் அந்தக் கசடை வெளியே மண்ணில் கொட்டிவிடாதீர்கள். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் குரோமியம்-3 மறுபடி 6 ஆகலாம். அபாயக் கழிவாகவே அதைக் கையாள வேண்டும்.

கழிவில் செழித்து வளரும் பாக்டீரியா எல்லாம் உலோகத்தை நீக்கும் என்பதும் தவறு. பல இனங்கள் உள்ளே நுழையும் உலோகத்தை வெளியே தள்ளித்தான் பிழைக்கின்றன. தண்ணீரில் அளவு குறையாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பாக்டீரியா சேர்க்காத ஒப்பீட்டுக் குடுவை வைக்காமல் முடிவு சொல்வது. ஈயத்தோடு வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் (பாக்டீரியா வளர்வதற்கான சத்துக் கரைசலில்) பாஸ்பேட் இருந்தால் ஈயம் தானாகவே வெள்ளையாகப் படிந்துவிடும். பெயர் மட்டும் பாக்டீரியாவுக்குப் போகும். கொன்ற செல்களோடு இன்னொரு குடுவையும் வையுங்கள். செத்த செல்லின் மேற்பரப்பும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, காய்ச்சி வடித்த நீரில் கிடைத்த பலனை நம்பித் தொட்டி கட்டாதீர்கள். குரோமியம் கலந்து வரும் தோல் ஆலைக் கழிவுநீரில் உப்பு மிக அதிகம். அதே நீரில், அதே உப்போடு, முதலில் ஒரு வாளி அளவில் செய்து பாருங்கள்.