மேக் ப்ரோவில் இனியும் பணம் போடலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

படத்தொகுப்புக்கோ ஒலிக்கலவைக்கோ ஆப்பிளின் மேக் ப்ரோ மேசைக்கணினியை வைத்திருப்பவர், அதை மேம்படுத்துவதா, விற்றுவிட்டு மாறுவதா என்று யோசிக்கும் முன், தம்மிடம் இருப்பது எந்த ஆண்டு வெளிவந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் கணினிக்கும் 2023-ஆம் ஆண்டின் கணினிக்கும் வெளிக்கூடு ஏறக்குறைய ஒன்றே. உள்ளே இருப்பவை வெவ்வேறு. பழையதை வாங்குபவர்கள் தோற்றத்தை நம்பாமல், அமைப்பு விவரத்தில் இருப்பது இன்டெலின் ஸியான் செயலியா (2019), ஆப்பிளின் சொந்த எம்2 அல்ட்ரா சிப்பா (2023) என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஸியான் என்றால் மாற்றக்கூடியவை நிறைய உண்டு. 12 ராம் ஸ்லாட்டுகளும், கூடுதல் கார்டுகளைச் செருகும் 8 பிசிஐஇ ஸ்லாட்டுகளும் கொண்ட இந்தக் கணினியில் முதல் செலவை ராமில் செய்யுங்கள். டிடிஆர்4 இசிசி (பிழை திருத்தும்) வகை ராமை ஆப்பிளிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆர்-டிம், எல்ஆர்-டிம் என்ற இரு வகைகளையும் கலந்து போடக் கூடாது. செயலிக்கு ஆறு நினைவகத் தடங்கள் இருப்பதால், ஒரே அளவுள்ள ஆறு அல்லது பன்னிரண்டு ராம்களாகப் போடுவதே முழு வேகத்தைத் தரும். கிராஃபிக்ஸ் கார்டில் தேர்வு குறுகியது: என்விடியாவின் புதிய கார்டுகளை மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸில் இயக்கும் டிரைவர் மென்பொருள் கிடையாது; ஏஎம்டியிலும் ரேடியான் ஆர்எக்ஸ் 6900 எக்ஸ்டி போன்ற 6000 வரிசையோடு ஆதரவு நின்றுவிட்டது. கார்டு பொருந்துவதும் கார்டு இயங்குவதும் ஒன்றல்ல என்பதை இங்கே பலர் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். சேமிப்பிடம் போதவில்லை என்றால், ஆப்பிளின் பாதுகாப்புச் சிப்பான டி2-வோடு பிணைக்கப்பட்ட மூல எஸ்எஸ்டியைத் தொடாமல், பிசிஐஇ கார்டில் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டிகளைச் சேர்ப்பது எளிது.

இருந்தாலும், 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உழைத்துத் திரும்பி வரக்கூடிய தொகைக்கு மேல் இதில் போடாதீர்கள்.

எம்2 அல்ட்ரா விஷயம் வேறு. நினைவகம் சிப்போடு ஒரே தொகுப்பில் இருப்பதால், அதிகபட்சமான 192 ஜிபி வேண்டுமா என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். பிறகு கூட்ட வழியில்லை. தனிக் கிராஃபிக்ஸ் கார்டும் வேலை செய்யாது. அப்படியானால் ஸ்லாட்டுகள் எதற்கு? தொழில்முறை வீடியோ இணைப்புக்கான எஸ்டிஐ கார்டு, சேமிப்பக வலையமைப்போடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு, ஒலிச்செயலாக்கக் கார்டு, எஸ்எஸ்டி கார்டு ஆகியவற்றுக்குத்தான். 2023-இல் இதே சிப் கொண்ட, ஸ்லாட் இல்லாத சிறிய மேசைக்கணினியான மேக் ஸ்டூடியோ 3,999 டாலரில் தொடங்கியபோது மேக் ப்ரோ 6,999 டாலரில் தொடங்கியது. ஆக, ஸ்லாட்டுகளுக்கான விலை அப்போது 3,000 டாலர். (2019-இல் அடியில் பொருத்தும் சக்கரங்களுக்கே 400 டாலர் கேட்ட நிறுவனம் இது.)

எனவே, இப்போது உள்ள கார்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் தரவு வேகத்தையும் எதிரே குறியுங்கள். 12ஜி-எஸ்டிஐ கார்டு விநாடிக்கு 12 ஜிகாபிட் அளவே கடத்துவதால், 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் கேபிள் வழி இணைந்த, கார்டைச் செருகும் வெளிப்பெட்டியிலேயே அது வேலை செய்யும். அத்தகைய ஓரிரு கார்டுகள் மட்டுமே உள்ளவருக்கு மேக் ஸ்டூடியோவும் அத்தகைய ஒரு வெளிப்பெட்டியும் போதும். பல என்விஎம்இ எஸ்எஸ்டிகளை ஒன்றாக இணைக்கும் 16 தரவுத் தடங்கள் கொண்ட பிசிஐஇ கார்டுக்கு அந்தத் தண்டர்போல்ட் வழி குறுகல்; அதற்கு உள் ஸ்லாட் இருந்தே ஆக வேண்டும்.

பல கிராஃபிக்ஸ் கார்டுகள் தேவைப்படுபவர் விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினிக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கேயும் எச்சரிக்கை தேவை. பழுதுபார்க்க எளிய மடிக்கணினிகளுக்குப் பெயர்பெற்ற ஃபிரேம்வொர்க் நிறுவனமே, 2025-இல் அறிவித்த தன் மேசைக்கணினியில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது; நினைவக வேகத்துக்காகச் செய்த சமரசம் அது. வாங்கும் முன் ராம் கழற்றக்கூடியதா, பவர் சப்ளை எங்கும் கிடைக்கும் பொதுத் தர வகையான ஏடிஎக்ஸா, மதர்போர்டு வழக்கமான அளவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.