வெளிநாட்டு நண்பர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால்

என் தம்பி ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். போன தை மாதம் திருச்சியில் அவனுக்குக் கல்யாணம். அவனோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நான்கு நாளும் அவர்களைக் கவனித்துக்கொண்டது நான்தான். உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வரலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, அவர்களுக்கென்று ஒரு ஆளை ஒதுக்குவது. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஆளுக்கு மேடையில் வேலை இருக்கக் கூடாது. நான் செய்த தவறு இதுதான். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் நாத்தனார் முடிச்சுப் போட நான் மேடைக்குப் போய்விட்டேன். தாலி ஏறும் நேரத்தில் அவர்கள் பக்கத்தில் யாரும் இல்லை. கெட்டிமேளம் முழங்கியது, சுற்றிலும் எல்லோரும் அட்சதை தூவினார்கள். நான் இறங்கி வந்தபோது ஜெர்மன்காரரின் மனைவி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மஞ்சள் அரிசி அப்படியே இருந்தது. அதற்காகவே கிட்டத்தட்ட ஐந்தாயிரம் மைல் பறந்து வந்தவர்கள். இன்னும் மனசு ஆறவில்லை. சித்தப்பா மகளை உட்கார வைத்திருக்கலாம்.

வெளிநாட்டவர் வந்து தங்கும் தகவலை அரசிடம் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர்களே பதிவு செய்துவிடுவார்கள். உங்கள் வீட்டிலேயே தங்க வைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்கள் தகவல் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துணிமணிக்கு ஒரு மாதம் முன்பே அளவு கேட்டுவிடுங்கள். கறுப்பும் வெறும் வெள்ளைப் புடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆணுக்கு ஒட்டிக்கோ வேட்டி, உள்ளே அரைக்கால் டிரவுசர், அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் உயரம் என்றால் கடையில் சொல்லி அகலமான வேட்டியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கரை கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். பெண்ணுக்குப் புடவை என்றால் கொசுவத்தில் ஒரு ஊக்கு, தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று கட்டாயம். பூ வைக்கத்தான் சிரமப்பட்டோம். அவர் முடி பட்டுநூல் போல மெல்லிசு; மல்லிகைச் சரம் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. கடைசியில் அம்மா உச்சியில் கொஞ்சம் முடியை எடுத்துச் சின்னதாகப் பின்னி, ரப்பர் பேண்ட் போட்டு, அந்தப் பின்னலுக்குள் ஹேர்பின்னைச் செருகினாள். இரவு வரை அசையவில்லை.

முகூர்த்தம் 6 மணிக்கு என்றால் அவர்கள் 5.55க்கு வந்து நிற்பார்கள். ஐந்தரைக்கே கூட்டி வந்து காபி கொடுத்து, மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். நேர் எதிரே உட்கார்ந்தால் வீடியோக்காரர்களின் முதுகுதான் தெரியும். மந்திரம் ஓதும்போது ஊரே பேசிக்கொண்டிருக்கும், எழுந்து போகும், வரும். அது அவமரியாதை இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், "கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக உயரும், அப்போதுதான் அட்சதை தூவ வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். எல்லாச் சடங்குக்கும் விளக்கம் வேண்டாம், ஒன்றிரண்டு போதும். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும்போது, சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை ஒட்டியிருக்கும் மங்கலான நட்சத்திரம் என்றேன். "மிசாரும் அல்கோருமா?" என்று, அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் அவர்கள் ஊரில் வழங்கும் பெயரைச் சொல்லி அவர் உடனே கேட்டார். பகல் வானத்தைக் காட்டி அதைப் பார்க்கச் சொல்லும் வழக்கம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

சாப்பாடுதான் பெரிய விஷயம். எதாவது ஒவ்வாதா என்று முதல் நாளே கேளுங்கள். முந்திரி ஆகாதவருக்குப் பொங்கல், கேசரி, பாயசம் மூன்றுமே ஆபத்து. பந்தி விசாரிப்பவரிடமும் சொல்லி வைக்க வேண்டும். இலையில் நுனி இடது பக்கம் வரும், வலது கையால் சாப்பிட வேண்டும், இதெல்லாம் சட்டென்று புரிந்துவிடும். பரிமாறுகிறவரின் வேகம்தான் அவர்களுக்குப் புரியாது. வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் சோறு விழுந்துவிடும். இலைக்கு மேல் கையை நீட்டி "போதும்" சொல்லக் கற்றுக்கொடுங்கள். ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொள்ளவும், மோர் மிளகாயை ஓரமாகத் தள்ளிவிடவும் சொல்லுங்கள். விரல் நுனியில் சோற்றைத் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுவதை நான் மெதுவாக இரண்டு வாய் செய்து காட்டினேன். மூன்றாவது வாய் அவருக்கே வந்துவிட்டது. ஸ்பூன் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிக்கச் சொல்லுங்கள்.

மொய் பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். 500க்குப் பதில் 501, ஒரு ரூபாய் ஒட்டிய கவர் என்று சொன்னால் போதும்.

ஒன்றே ஒன்றைக் கறாராகப் பாருங்கள். செல்ஃபிக்கு என்று ஒவ்வொருவராக வந்து அவர்களை உட்காரவே விட மாட்டார்கள். எங்கள் போட்டோகிராபர் அவர்களை மேடைக்கு அழைத்து, என் பெரியத்தையை ஓரம் தள்ளி நடுவில் நிறுத்தினார். அத்தைக்கும் வருத்தம், அவர்களுக்கும் சங்கடம். அவர்கள் விருந்தாளிகள், வரிசையில் எல்லோரையும் போல வருவார்கள் என்று நான் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது தாம்பூலப் பையை இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள், "போறேன்" வேண்டாம், "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொடுங்கள். முழுத் தேங்காயை விமானத்தில் கொண்டு போவதில் சிக்கல் உண்டு. அம்மா இரண்டு பையின் தேங்காயையும் அன்று மாலையே உடைத்துத் துருவி பர்பி கிளறி, டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.