முட்டை காணாமல் போகிறதா? கோழிக் கூட்டை இப்படிக் கட்டுங்கள்

கூட்டைச் சுற்றிக் கம்பி வலை அடித்தும் முட்டை குறைகிறது என்றால், பெரும்பாலும் வலைதான் காரணம். மலிவாகக் கிடைக்கும் அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவே. எலிக்கும் சின்னப் பாம்புக்கும் அது திறந்த வாசல். மூசாங் (மரநாய்) அதைக் கிழித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும்.

1. திருடன் யார்?

கூட்டைச் சுற்றி நைசான மணலைத் தூவி, காலையும் மாலையும் பாருங்கள். நகத்தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு இருந்தால் உடும்பு. பினாங்கில் பாலேக் பூலாவ், ஆயர் ஈத்தாம் பக்கம் லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரமாக வீடு இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான், பகலில்தான் வரும். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை மறைந்தால் உடும்போ பாம்போ முழுசாக விழுங்கியிருக்கும். கடித்த ஓடும் புழுக்கையும் கிடந்தால் எலி. வைக்கோலில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் உங்கள் கோழியே கொத்திக் குடிக்கிறது. அதை நிறுத்த, சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

2. வலை

வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண்ணி, பற்றவைத்த துத்தநாகப் பூச்சுக் கம்பி வலை. (சுண்டெலி இதிலும் நுழையும், ஆனால் அதனால் முட்டைக்குப் பெரிய சேதமில்லை.) ஆணியும் ஸ்டேப்பிளும் வேண்டாம், குரங்கு ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வாஷர் வைத்துத் திருகாணி போடுங்கள். துத்தநாகத் தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றுக்காக விடும் இடைவெளியையும் இதே வலையால் மூடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மூசாங் ஏறி வரும் வழியும் அதுதான்.

3. தரைப் பாவாடை

சுவர் வலையின் அடியில் 30 சென்டிமீட்டர் அகல வலையை வெளிப்பக்கமாகத் தரையில் படுக்க வைத்து, சுவர் வலையோடு கம்பியால் கட்டி, மண்ணும் செங்கல்லும் போட்டு மூடுங்கள். உடும்பு சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகம் வலையில் மாட்டும், விட்டுவிடும். ஓர் அடி தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. அடைமழைக்குப் பிறகு மண் அரித்திருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

4. கதவு

வெறும் தாழ்ப்பாளைக் குரங்கு தள்ளித் திறக்கும். தாழ்ப்பாளின் துளையில் சுருள்வில் கொக்கி ஒன்றை மாட்டுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அந்த விளிம்பில் தகரம் அடித்தால் எலி பலகையைக் கடிக்க முடியாது.

5. முட்டை பின்னால் உருண்டு போகும் பெட்டி

பகலில் கோழிகளை வெளியே விடுபவர்களுக்கு இது அவசியம், ஏனென்றால் அப்போது கதவு திறந்தே இருக்கும். 30 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம். அடிப்பலகையைப் பின்பக்கம் 4 சென்டிமீட்டர் தாழ்த்தி, மேலே செயற்கைப் புல் விரிப்பு ஒட்டுங்கள். வைக்கோல் போட்டால் முட்டை உருளாது. பின்பலகைக்கு அடியில் 6 சென்டிமீட்டர் இடைவெளி, அதற்கப்பால் நுரை விரித்த தட்டு, அதன்மேல் பூட்டக்கூடிய மூடி. சரிவு இதற்கு மேல் போனால் முட்டை மோதிக் கீறும், கோழியும் உட்கார மறுக்கும். உடும்பு, காக்கா, முட்டை குடிக்கும் கோழி ஆகியவற்றுக்கு இது போதும். எலியையும் பாம்பையும் வலைதான் தடுக்க வேண்டும்.

6. நேரம்

கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். 11 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை எடுத்துவிடுங்கள். காசு செலவில்லாத வேலை, பலன் அதிகம். மிஞ்சிய தீவனத்தை இரவில் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். எலி முதலில் அதற்காகத்தான் வருகிறது, எலியைத் தேடிப் பாம்பு வருகிறது.

கந்தகத் தூள், பாச்சை உருண்டை எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. பாச்சை உருண்டை கோழிக்கே நஞ்சு. கோழியைப் பழக்கக் கோல்ஃப் பந்தைப் போலி முட்டையாக வைப்பவர்கள், பாம்பு நடமாட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள்: விழுங்கிய பாம்பு அடைத்துச் சாகும். உடும்பும் மூசாங்கும் மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விஷமோ கண்ணியோ வைக்காதீர்கள். கூட்டுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தால் கோலெடுத்துக் குத்தாமல், கதவை மூடிவிட்டு 999-க்கு அழையுங்கள்.