சைட்டில் சத்தத்தைக் குறைப்பது எப்படி? தகர வேலி கடைசி வேலை

மெட்ரோவோ மேம்பாலமோ, அக்கம்பக்கத்தில் இருந்து சத்தம் பற்றிப் புகார் வந்தால் பெரும்பாலான சைட்டில் முதலில் நடப்பது தகர ஷீட்டை இன்னும் இரண்டடி உயர்த்துவதுதான். போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்ட வசதி, சத்தம் மட்டும் குறையாது. எந்த மெஷினை வாடகைக்கு எடுக்கிறோம், எத்தனை மணிக்கு ஓட்டுகிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்று முடிவெடுக்கும்போதே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மாதிரி வீட்டு வாசலை ஒட்டியே வேலை நடக்கும் இடங்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு வாரமாவது, ஞாயிறும் சேர்த்து, பகலும் இரவும் சத்தத்தை அளந்து வையுங்கள். மெஷின் பக்கத்தில் அல்ல, பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால், சத்தம் அளக்கும் கருவியில் காற்றுத் தடுப்பு ஸ்பாஞ்ச் மாட்டி. செல்போன் ஆப் தோராயத்துக்கு மட்டும்தான். பஸ் ஓடும் சாலை என்றால் நாம் போகும் முன்பே அங்கே வரம்பு தாண்டியிருக்கும். அந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால் ஹாரன் சத்தமும் நம் தலையில்தான் விழும்.

வரம்பு என்ன? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சுற்றி அமைதி மண்டலமாக அறிவித்த இடத்தில் 50, 40. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. 2010-இல் வந்த திருத்தப்படி குடியிருப்புப் பகுதியிலும் அமைதி மண்டலத்திலும் அந்த நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான மெஷினை ஓட்டவே கூடாது.

டெசிபல் கணக்கு கொஞ்சம் விநோதமானது. ஒரே மாதிரி இரண்டு மெஷின் ஓடினால் 3 டெசிபல்தான் கூடும். 90-உம் 80-உம் சேர்ந்தால் 90.4. அதனால் பெரியதை ஓடவிட்டு சின்னதை நிறுத்தினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: கான்கிரீட்டை இடித்து உடைக்கும் இரண்டு பிரேக்கரை ஒரே நேரத்தில் ஓட்டி, பாதி நாளில் முடித்துவிட்டுப் போய்விடலாம். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்றாலும் அதை மட்டும் நம்ப முடியாது. பொக்லைனில் மாட்டிய பிரேக்கர் 15 மீட்டரில் சுமார் 90 டெசிபல், 60 மீட்டர் தள்ளிப் போனாலும் 78.

ஆகவே மெஷினிலேயே கை வைக்க வேண்டும். பழைய கான்கிரீட்டை உடைக்க பிரேக்கர்தான் வேண்டுமென்பதில்லை, வயர் சாவால் (கம்பி ரம்பம்) அறுத்துத் துண்டாகத் தூக்கலாம், ஹைட்ராலிக் கிரஷரால் கடித்து நொறுக்கலாம். தரைக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூணான பைலுக்கும் அப்படியே: சுத்தியலால் அடித்து இறக்கினால் 15 மீட்டரில் 101 டெசிபல் வரை போகும், துளைக்கும் ரிக் என்றால் 84 வாக்கில். ஆனால் ரிக்கிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மண்ணைத் துளைக்கும் திருகான ஆகரில் ஒட்டிய களிமண்ணை உதற ஆபரேட்டர் அதை முன்னும் பின்னும் வெடுக் வெடுக்கென்று திருப்புவார், இரும்போடு இரும்பு மோதும் அந்த டங் டங் நாலு தெரு தாண்டிக் கேட்கும். மண்ணைச் சுரண்டித் தள்ளும் ஸ்க்ரேப்பர் பொருத்திய ரிக்காகக் கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டரைவிட ஈபி கனெக்‌ஷன் மேல். ஜெனரேட்டர்தான் என்றால், 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டருக்கு அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் வரம்பு. மே மாத வெயிலில் சூடேறுகிறது என்று கூண்டுக் கதவைத் திறந்து போட்டு ஓட்டுவார்கள் பாருங்கள், அப்போது அந்த 75 காகிதத்தில் மட்டும்தான். சுரங்கம் தோண்டும் சைட்டில் பூமிக்கடியில் ஓடும் மெஷினைவிட மேலே இருக்கும் காற்று விசிறியும் மண் கொட்டும் குழியும்தான் தொல்லை. விசிறிக்கு சைலன்சர் போடுங்கள், மண்ணை உயரத்தில் இருந்து கொட்ட விடாதீர்கள்.

இரவுதான் பெரிய தலைவலி. பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விடுவதில்லை, கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தவும் முடியாது. தவிர்க்கவே முடியாத இரவு வேலைக்கு உரிய அதிகாரிகளிடம் முன்பே எழுத்தில் பேசிவிடுங்கள். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய மெஷின் இல்லை. ரிவர்ஸ் பீப், டிப்பர் பின்கதவு அடிக்கும் சத்தம், டிரெய்லரில் இருந்து கம்பியைத் தள்ளிவிடுவது, விசில். வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி வழி அமைத்தால் ரிவர்ஸே வேண்டாம். முடியாவிட்டால் பீப்புக்குப் பதில் ‘ஷ்ஷ்’ என்று இரையும் அலாரம் கிடைக்கிறது. ரெடிமிக்ஸ் வண்டிகளை வீடுகளுக்கு எதிரே வரிசையாக நிறுத்தாமல் தள்ளி நிறுத்தி போனில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுங்கள். கான்கிரீட்டை இறுக வைக்கும் வைப்ரேட்டர் ஊசி கம்பியிலும் சென்ட்ரிங் தகட்டிலும் படக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு வேலிக்கு வாருங்கள். வேலி தனியாக வேலை செய்யாது என்றில்லை, ஆனால் மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து மெஷின் தெரிந்தால் அந்த வீட்டுக்கு வேலி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பார்வை மறைந்த பிறகுதான் சுமார் 5 டெசிபல் குறைய ஆரம்பிக்கும். சதுர மீட்டருக்குப் பத்து கிலோவாவது கனம் வேண்டும்; அரை மில்லிமீட்டர் தகரம் நாலு கிலோதான், அதுவும் கடகடவென்று ஆடும். அடியில் இடைவெளி விடாதீர்கள். மெஷினை ஒட்டி மூன்று பக்கமும் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் வைத்த தடுப்பு நிறுத்துவது தூரத்து வேலியைவிட நல்லது.

வேலையாட்களை மறக்க வேண்டாம். 90 டெசிபலில் 8 மணி நேரம்தான், 100 என்றால் 2 மணி நேரம்தான். காதை மூடும் இயர் மஃபைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அவர் மொழியிலேயே சொல்லிப் புரிய வையுங்கள்.

சிங்கப்பூரில் வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் சைட்டில் ஞாயிறும் பொது விடுமுறையும் பொதுவாக வேலை கிடையாது. இங்கே அவ்வளவு முடியாவிட்டாலும் ஞாயிறு காலையிலும் பொதுத்தேர்வு நாட்களிலும் பிரேக்கரைத் தொடாமல் இருக்கலாம். என்ன வேலை, எப்போது முடியும் என்று முன்பே தெருவில் சொல்லுங்கள், இரவிலும் எடுக்கிற ஒரு போன் நம்பரைப் பலகையில் எழுதுங்கள். புகார் வந்தால் நேரத்தைக் குறித்து மீட்டர் பதிவோடும் கேட் ரிஜிஸ்டரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல தடவை ஒரே டிப்பர், ஒரே டிரைவர்தான் மாட்டுவார்.