உங்கள் டீமுக்கு லொத்தர் விழுமா? என்.பி.ஏ. டிராஃப்ட் கணக்கை மலையகத்தில் இருந்து பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஒரு டீம் 60 மேட்சுக்கு மேல் தோற்றுவிட்டால் அந்த சீசனில் ரசிகனுக்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், மே மாதத்து டிராஃப்ட் லொத்தர், அதாவது புது வீரர்களை எந்த டீம் எத்தனையாவதாக எடுக்கும் என்று பார்க்கும் குலுக்கல். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலிடம் விழும் வாய்ப்பு என்ற ஒரே எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: "எங்களுக்கு 14 வீதம் இருக்கு மச்சான்." அந்த 14 ஐ கொஞ்சம் தள்ளி வையுங்கள். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. உங்கள் டீம் ஆகக் கூடினால் எத்தனையாவது இடம்வரை சறுக்கும்? அந்த பிக், அதாவது வீரரை எடுக்கும் அந்த முறை, உண்மையிலேயே உங்களுடையதா, இல்லை யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட்டார்களா? இவை தெரிந்தால் போதும், மிச்சத்தை லொத்தர் பார்த்துக்கொள்ளும்.

நான் யூட்டா ஜாஸ் ரசிகன், உதாரணங்கள் அதிகமும் அங்கிருந்துதான் வரும். ஹட்டன் பக்கத்துக்காரனுக்கு மலை சூழ்ந்த ஊர் டீம் பிடித்துப்போனதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 2024-25 சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி, அந்த டீமின் வரலாற்றிலேயே மோசமான கணக்கு. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு.

முதலில் லொத்தர் எப்படி நடக்கிறது என்பதைக் கையால் செய்து பாருங்கள், வாசித்தால் மண்டையில் ஏறாது. பழைய பஸ் டிக்கட்டுகளோ கொப்பித்தாளோ எடுத்து 14 துண்டு வெட்டி, 1 முதல் 14 வரை எழுதி, மடித்து ஒரு பால்மா டின்னில் போட்டுக் குலுக்குங்கள். நான்கு துண்டு எடுங்கள். எடுத்த ஒழுங்கு முக்கியமில்லை, 3-7-9-12 வந்தாலும் 12-9-7-3 வந்தாலும் ஒன்றுதான். அப்படி நான்கு நான்காக எத்தனை விதமாக வரலாம் என்று கணக்குப் போட்டால் 1001 வரும் (14 × 13 × 12 × 11 ஐ 24 ஆல் வகுங்கள், ஓ.எல். படிக்கும் தங்கச்சியிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துத் தருவாள்). என்.பி.ஏ.வும் இதைத்தான் செய்கிறது, துண்டுக்குப் பதில் பிங்பொங் பந்து, டின்னுக்குப் பதில் காற்றில் பந்தைச் சுழற்றும் மெஷின். 1001 இல் 1000 சேர்க்கைகளை பிளேஓஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போகாத 14 டீமுக்கும் பங்குபோடுவார்கள். மிஞ்சும் ஒன்று, 11-12-13-14, யாருக்கும் இல்லை. அது வந்தால் மறுபடி குலுக்க வேண்டியதுதான்.

பங்கு இப்படி: ஆக மோசமான மூன்று டீமுக்கும் ஆளுக்கு 140 சேர்க்கை, அதாவது 14 வீதம். நான்காவது மோசமான டீமுக்கு 125, அப்புறம் 105, 90, 75, 60, 45, 30, 20, 15, 10, கடைசி டீமுக்கு 5. இது 2019 இல் வந்த விதி, 2025 லொத்தரும் இதன்படிதான் நடந்தது. அதற்கு முன்னால் ஆக மோசமான டீமுக்கு மட்டும் 25 வீதம் இருந்தது. லீக் இதை அவ்வப்போது மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 1985 இல் தொடங்கியபோது வெறும் கவர்கள்தான், எல்லாருக்கும் சம வாய்ப்பு, நியூயோர்க் நிக்ஸுக்கு பட்ரிக் யூயிங் கிடைத்தார், அந்தக் கவரை ஐஸில் வைத்து அடையாளம் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1990 இல் மோசமான டீமுக்கு அதிக வாய்ப்பு என்று ஆக்கினார்கள். 1993 இல் 41 வெற்றி 41 தோல்வி என்று பாதிக்குப் பாதி ஆடிய ஒர்லாண்டோ மேஜிக், 66 இல் ஒரே ஒரு வாய்ப்பை வைத்து முதலிடத்தை அள்ளிக்கொண்டு போனதும் மறுபடி மாற்றினார்கள். ஆகவே எந்த வருடத்துக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தாலும் அந்த வருடத்து விதி எது என்பதை முதலில் பாருங்கள். பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். குலுக்கல் முதல் நான்கு இடத்துக்கு மட்டும்தான். 5 இல் இருந்து 14 வரை மோசமான கணக்கின் வரிசைப்படி தானாக நிரம்பும். இதிலிருந்து ஒரு விஷயம் பிறக்கிறது, அதை எழுதி ஒட்டியே வைக்கலாம். ஆக மோசமான டீம் 5 க்குக் கீழே போகவே முடியாது, இரண்டாவது மோசமான டீம் 6 க்குக் கீழே, மூன்றாவது 7 க்குக் கீழே, நான்காவது 8 க்குக் கீழே போகாது. எந்த இடத்தில் இருக்கிறீர்களோ அதோடு நான்கைக் கூட்டினால் அதுதான் உங்கள் அடித்தளம். முதலிடம் வரும் வாய்ப்பு மூன்று டீமுக்கும் ஒன்றுதான் என்பதால், கடைசியாக வருவதா மூன்றாவது கடைசியாக வருவதா என்பதில் இருக்கும் வித்தியாசம் எல்லாம் பெரும்பாலும் இந்த அடித்தளத்தில்தான்.

ஆக மோசமான டீமின் முழு வரியையும் பாருங்கள்: முதலிடம் 14 வீதம், இரண்டாமிடம் 13.4, மூன்றாமிடம் 12.7, நான்காமிடம் 12, ஐந்தாமிடம் 47.9. ஒரே இடத்தை ஊகிக்கச் சொன்னால் ஐந்து என்றுதான் சொல்ல வேண்டும், வேறு எதுவும் அதற்குக் கிட்டக்கூட இல்லை. 2023 இல் டெட்ரொய்ட் பிஸ்டன்ஸ் ஆக மோசமான டீம், கிடைத்தது ஐந்து. 2024 இலும் அவர்கள்தான் கடைசி, 14 வெற்றி 68 தோல்வி, இடையில் தொடர்ந்து 28 தோல்வி வேறு, மறுபடி ஐந்து. 2025 இல் எங்கள் ஜாஸ், அதுவும் ஐந்து. 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு லொத்தரில் ஆக மோசமான டீம் ஒருமுறைகூட முதலிடம் எடுக்கவில்லை. இதைச் சதி என்று சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, 14 வீதம் என்றால் 86 வீதம் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நம் லயத்தில் பெண்கள் பிடிக்கும் சீட்டில் இந்த மாதம் விழாதவருக்கு அடுத்த மாதம் வாய்ப்புக் கூடும், கடைசியில் எல்லார் கைக்கும் காசு வந்துதான் ஆகும். அந்த நினைப்போடு டிராஃப்ட் லொத்தரைப் பார்க்காதீர்கள். போன வருடம் ஏமாந்த டீம் என்பதற்காக ஒரு பந்து கூடக் கூடுதலாக விழாது. 2023 இல் ஏமாந்த பிஸ்டன்ஸுக்கு 2024 இலும் அதே 140 சேர்க்கைதான்.

அடுத்து, பிக் யாருடையது. இதை ரசிகர்கள் கடைசியில்தான் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வீரர்களை மாற்றும்போது வருங்கால பிக்கையும் சேர்த்துக் கொடுப்பார்கள், ஆனால் பாதுகாப்பு என்று ஒரு நிபந்தனை போட்டு வைப்பார்கள். "டாப் 8 பாதுகாப்பு" என்றால் பிக் 1 முதல் 8 க்குள் விழுந்தால் நமக்கு, 9 அல்லது அதற்குக் கீழே போனால் அவர்களுக்கு. ஜாஸ் 2021 இல் டெரிக் ஃபேவர்ஸை ஒக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியபோது இப்படி ஒரு பிக்கையும் கட்டி அனுப்பினார்கள். 2024 இலும் 2025 இலும் டாப் 10 பாதுகாப்பு, 2026 க்கு டாப் 8. 2024 இல் எங்களுக்கு விழுந்தது சரியாக 10, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

இதையும் மேலே சொன்ன அடித்தளத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்குச் சட்டென்று புரியும். டாப் 8 பாதுகாப்பு உள்ள டீம் ஆக மோசமான நான்குக்குள் முடித்தால் பிக் போகவே போகாது, நிம்மதியாகத் தூங்கலாம். ஐந்தாவது மோசமான டீமாக முடித்தால் 9 க்கு விழும் வாய்ப்பு ஒரு வீதம்கூட இல்லை, 0.6. ஆனால் எட்டாவது மோசமான டீமாக முடித்தால்? 8 இல் இருப்பதால் 8 கிடைக்கும் என்று நினைப்பீர்கள், கீழே இருந்து யாராவது ஒருவர் மேலே தாவினாலே நீங்கள் 9 க்குப் போய்விடுவீர்கள், பிக் போயிற்று. அந்த வாய்ப்பு ஏறக்குறைய 39 வீதம். சில வெற்றிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் வந்துவிடும் என்பதால்தான் மார்ச் மாதத்தில் சில டீம்களில் நல்ல வீரர்களுக்குத் திடீர் திடீரென்று இடுப்பு வலி வருகிறது. 2025 மார்ச்சில் லௌரி மார்க்கனனை ஆடவிடாமல் வைத்திருந்ததற்காக ஜாஸுக்கு லீக் ஒரு லட்சம் டொலர் அபராதம் போட்டது. எனக்கு டேங்கிங், அதாவது வேண்டுமென்றே தோற்பது, பிடிக்காது, ஆனால் விதியைப் பார்த்தால் அவர்கள் ஏன் செய்கிறார்கள் என்பதும் விளங்காமல் இல்லை.

நேரக் கணக்கு நமக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது. வழக்கமான சீசன் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முடியும் (2025 இல் ஏப்ரல் 13), அன்றைக்கே அட்டவணையை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு டீம் ஒரே கணக்கில் முடித்தால் அவர்களின் சேர்க்கைகளைக் கூட்டிச் சமமாகப் பிரிப்பார்கள், ஒற்றையாக மிஞ்சினால் குலுக்கிப் பார்த்து ஒருவருக்குக் கொடுப்பார்கள். 2025 இல் டலஸும் சிக்காகோவும் 39 வெற்றியோடு சமம், 20 உம் 15 உம் சேர்ந்து 35, டலஸுக்கு 18, சிக்காகோவுக்கு 17. அந்தப் 18 தான், 1.8 வீதம்தான், அந்த வருடத்து முதல் பிக்கான கூப்பர் ஃப்ளக்கை டலஸுக்குக் கொண்டுபோனது. மூன்று மாதத்துக்கு முன்னால் தங்கள் நட்சத்திர வீரர் லூக்கா டொன்சிச்சை வேறு டீமுக்கு மாற்றிவிட்டு ரசிகர்களிடம் திட்டு வாங்கிய அதே டலஸ்! இதையெல்லாம் கதையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரலை பார்ப்பவர்களுக்கு: அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இரவு 7 மணி என்றால் கோடை நேரக் கணக்கில் நமக்கு மறுநாள் காலை 4.30. 2025 லொத்தர் வந்தது வெசாக் மறுநாள் விடியலில், லீவு நாள் என்பதால் கொழுந்துக்குப் போகும் அவசரமும் யாருக்கும் இல்லை. டேட்டாவை முதல் நாளே போட்டு வையுங்கள், சிக்னல் எங்கே நன்றாக எடுக்கும் என்பது உங்கள் டிவிஷன்காரருக்குத் தெரிந்திருக்கும், ஒரு ஸ்வெட்டரும் பிளேன்டீயும் இருந்தால் போதும். உண்மையான குலுக்கல் நிகழ்ச்சிக்கு முன்பே பூட்டிய அறைக்குள் முடிந்துவிடும், நீங்கள் பார்ப்பது கவர் பிரிப்பதைத்தான், 14 இல் இருந்து 1 வரை.

அங்கேதான் உங்கள் தாளுக்கு வேலை. கவர் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது உங்கள் வரிசையில் அடுத்து வரவேண்டிய டீமின் பெயருக்குப் பதில் வேறு பெயர் வந்தால், காணாமல் போன டீம் முதல் நான்குக்குள் தாவிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒவ்வொரு டீம் தாவும்போதும் அதற்கு மேலே உள்ள எல்லாரும் ஒரு படி இறங்குவார்கள். 2025 இல் 11 ஆவது கவரில் டலஸ் இருக்க வேண்டும், வந்தது போர்ட்லண்ட், ஒன்று. 9 இல் சான் அன்டோனியோ இருக்க வேண்டும், டொரொண்டோ வந்தது, இரண்டு. 7 இல் பிலடெல்பியாவைக் காணோம், நியூ ஓர்லீன்ஸ் வந்தது, மூன்று. 6 இல் ஷார்லட்டுக்குப் பதில் வாஷிங்டன் வந்ததும் நான்கு இடமும் நிரம்பிவிட்டது, ஐந்தாவது கவரைப் பிரிக்காமலே உள்ளே ஜாஸ் என்று தெரியும். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகலாம். பிலடெல்பியாக்காரர்களுக்கு அன்றைக்கு இரட்டைச் சந்தோஷம், அவர்கள் பிக்குக்கு டாப் 6 பாதுகாப்பு, மூன்று விழுந்ததால் ஒக்லஹோமாவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து விழுந்தால் சீசன் வீணாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கார்ல் மலோன் 13 ஆவது பிக், ஜோன் ஸ்டொக்டன் 16 ஆவது, ரூடி கோபேர் 27 ஆவது. ஜாஸின் நல்ல காலங்கள் எல்லாம் இப்படிக் கிடைத்தவர்களால்தான் வந்தன. வேறு டீமில் பார்த்தால் ஸ்டெஃப் கரி 7, யானிஸ் 15, நிக்கோலா யோக்கிச் 41. அதற்காக முதலிடமும் ஐந்தாமிடமும் ஒன்று என்று சொல்லவில்லை, விக்டர் வெம்பன்யாமா மாதிரி ஒருவர் வரும் வருடத்தில் ஒன்றுக்கும் இரண்டுக்குமே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால் லொத்தருக்கு முன்பே அந்த வருடம் வருகிறவர்களில் தனித்து நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிடுங்கள். ஒருவர்தான் என்றால் 14 வீதத்தை நம்பி மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு பேர் என்றால் ஆக மோசமான டீமுக்கு முதல் நான்குக்குள் வரும் வாய்ப்பு 52 வீதம், அப்போது கொஞ்சம் ஆசைப்படலாம். ஐந்தாறு பேர் என்றால் எழுதி ஒட்டிய அந்த அடித்தளமே போதும்.

லொத்தருக்கும் டிராஃப்டுக்கும் இடையில் ஆறு வாரம் அளவில் இருக்கும். டிராஃப்ட் 2025 இல் நமக்கு ஜூன் 26 காலை 5.30 க்குத் தொடங்கியது, ஜாஸ் ஐந்தாவதாக ஏஸ் பெய்லியை எடுத்தது. அலாரத்தை 5.15 க்கு வைத்தாலே போதும், முதல் பிக்குக்கு முன்னால் நிறையப் பேசுவார்கள்.