சாக்கில் தீனி கட்டி மீனைப் பழக்குவது எப்படி?

காட்பாடி பக்கம் எங்கள் குட்டை அரை ஏக்கர்தான், கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் விட்டிருக்கிறோம். முன்பெல்லாம் கரையில் நின்று தவிட்டை வாரி இறைப்போம், பாதி காற்றோடு போகும், மீதி சேற்றில் கிடந்து அழுகும். இப்போது ஐந்து சாக்கு தொங்குகிறது, பசித்த மீன் தானே வந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கத்துக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்கிற வேலைதான்.

உரச்சாக்கு போதும், வாடை போகும்வரை கழுவுங்கள். அடியில் மட்டும் இரண்டு வரிசை ஓட்டை. சாக்கைத் தூக்கினால் தீனி கொட்டக் கூடாது, விரலால் நோண்டினால் வர வேண்டும், அதுதான் அளவு. கடலைப் புண்ணாக்கை முந்தின ராத்திரியே ஊறவைத்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தவிடு சேர்த்துப் பிசையுங்கள். தவிட்டுக்கு நமக்கு ஆரணி மில் இருக்கிறது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், மீனுக்கு ஈரல் கெடும்.

மூங்கில் நட்டு, ஓட்டைகள் முழுகும்படி கட்டுங்கள். நம்மூர் மே மாத வெயிலில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும், கயிற்றை இறக்க மறந்தால் சாக்கு அந்தரத்தில் தொங்கும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது, பயப்பட வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் கயிறு லேசாக வெட்டும், தூண்டில் தக்கை மாதிரி. ஒன்றிரண்டு துணிந்த மீன் முட்டிப் பார்க்கும், சிந்துகிற தூளுக்கு மற்றவை கூடும், மிர்கால் அடியில் விழுந்ததைப் பொறுக்கும். பத்து நாளில், சாக்கோடு கரையில் இறங்கும்போதே தண்ணீர் சலசலக்கும். இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் இருப்பதுதான். நான் ஒருமுறை நிழலுக்காகச் சாக்கை எதிர்க்கரைக்கு மாற்றிவிட்டு, ஒரு வாரம் திரும்பப் பாடம் நடத்தினேன்.

மிதவைத் தீவனம் (தண்ணீரில் மிதக்கும் குருணை) போடுபவர்கள், தீவனம் நிரப்பிய டிரம்மிலிருந்து தண்ணீருக்குள் கம்பி தொங்கவிடலாம், மீன் கம்பியை முட்டினால் நாலு குருணை விழும். 1970களிலேயே ட்ரவுட் மீனை இப்படிப் பழக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் சீபாஸ் மீனுக்குள் அடையாள மின்னணுச் சில்லு பொருத்திக் கவனித்ததில், கூட்டத்தில் ஒரு சில மீன்களே பெரும்பாலும் முட்டுகின்றன, மற்றவை ஓசியில் சாப்பிடுகின்றன என்று தெரிந்தது. (கூட்டுக் குடும்பம் மாதிரிதான்.) ஆனால் காற்றடித்தாலும் கம்பி ஆடும், தீவனம் வீணாகும்.

அளவு? 100 கிலோ மீனுக்கு நாளைக்கு இரண்டு மூன்று கிலோ. மாதம் ஒருமுறை நாலைந்தைப் பிடித்து எடை பாருங்கள். சாக்கு காலி என்பதற்காக உடனே நிரப்பிவிடாதீர்கள், ஓட்டை பெரிதாகிக் கொட்டியும் இருக்கலாம், அடியைத் தடவிப் பாருங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பசியில்லை, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. அன்றைக்குச் சாக்கு கட்டாமல் புதுத் தண்ணீர் விடுங்கள், மேகமூட்டமான நாளில் பாதித் தீனி போதும்.

அப்புறம், குழம்புக்கு ஒரு மீன் வேண்டுமென்றால் சாக்கடியில் மட்டும் வலை வீசாதீர்கள். ஒரே ஒரு தடவை வீசினேன், கொத்தாக மாட்டியது, அதோடு நாலு நாள் எந்த மீனும் அந்தச் சாக்குப் பக்கம் வரவில்லை.